ராத்திரி எட்டரை மணிக்கு உதவுகிற சமையலறை

ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. கோவை சிங்காநல்லூர் பக்கம் வாடகை வீடு, கல்யாணமாகி ஆறு மாதம், இருவருக்கும் வேலை, வீடு வந்து சேர எட்டு மணி தாண்டிவிடுகிறது. வாரத்தில் நான்கைந்து ராத்திரி ஆர்டர் போட்டுத்தான் ஓடுகிறதாம். உடம்புக்கு நல்லதாகவும் இருக்க வேண்டும், சட்டென்று சமைக்கவும் வர வேண்டும், அப்படி வீட்டில் என்னென்ன வாங்கி வைக்கலாம், ஒரு லிஸ்ட் கொடுங்கள் என்கிறார்.

தருகிறேன் தம்பி. ஆனால் லிஸ்ட்டில் ஆரம்பித்தால் நீங்கள் அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் ஐந்தாயிரம் ரூபாய்க்கு வாங்கி அடுக்குவீர்கள், அடுத்த மாதமும் ஆர்டர்தான் போட்டுக்கொண்டிருப்பீர்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. என் கணவருக்குச் சர்க்கரை என்று தெரிந்த வாரம் பயந்துபோய் ஓட்ஸ், கினோவா, ஆளி விதை, பத்து கிலோ பிரவுன் ரைஸ் எல்லாம் வாங்கிக் குவித்தேன். மூன்று மாதத்தில் அரிசியில் வண்டு, ஆளி விதையில் சிக்கு வாடை. அந்த மூன்று மாதமும் வேலை முடிந்து வந்த பல ராத்திரிகளில் தெருமுனைப் பரோட்டாதான் சாப்பிட்டோம், ஏனென்றால் அலமாரியில் இருந்த எதுவும் அரை மணி நேரத்தில் சாப்பாடாக மாறக்கூடியதாக இல்லை.

அதன் பிறகு என் மாமியார் வந்து ஒரு மாதம் தங்கினார். அவர் புதிதாக ஒன்றும் வாங்கவில்லை. ஆனால் எந்த நேரம் பார்த்தாலும் அவர் சமையலறையில் ஏதோ ஒன்று பாதி முடிந்த நிலையில் இருக்கும். ஊறிக்கொண்டிருக்கும் பயறு, புளித்துக்கொண்டிருக்கும் மாவு, வறுத்து ஆறிக்கொண்டிருக்கும் பருப்பு, உரித்து வைத்த சின்ன வெங்காயம். அதைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது. பசியோடு வீட்டுக்கு வருகிறவருக்குச் சாமான் இருந்தால் போதாது, பாதி முடிந்த வேலை காத்திருக்க வேண்டும். இனிமேல் கடையில் ஒரு பொருளைக் கையில் எடுத்தால் அது சத்தானதா என்பதோடு இன்னொன்றையும் கேளுங்கள்: களைத்து வந்த ராத்திரி இதை வைத்து நான் என்ன செய்வேன்? பதில் இல்லையென்றால் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

சரி, முதலில் பருப்பு. உங்கள் சமையலறையின் முதுகெலும்பு அதுதான்.

பாசிப்பருப்பு ஊற வைக்காமலே வேகும், குக்கரில் மூன்று விசில். மைசூர் பருப்பு இன்னும் வேகம், குக்கரே வேண்டாம், திறந்த பாத்திரத்தில் இருபது நிமிடத்துக்குள் குழைந்துவிடும். துவரம்பருப்புக்கு நான்கைந்து விசில், வந்தவுடன் கழுவி ஊறப் போட்டுவிட்டு முகம் கழுவி வந்தால் அந்த நேரமே போதும். இந்த மூன்றும் ஒவ்வொரு கிலோ இருக்கட்டும். அதற்கு மேல் வேண்டாம், பருப்பு பழசாகப் பழசாக இறுகிவிடும், எத்தனை விசில் விட்டாலும் குழையாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். போர்த் தண்ணீரில் பருப்பு வேகவில்லை என்று இங்கே பாதிப் பேர் குக்கரை மாற்றுகிறார்கள். தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்புச் சத்துதான் காரணம். பருப்புக்கு மட்டும் சிறுவாணித் தண்ணீரோ குடிக்கிற தண்ணீரோ ஊற்றுங்கள், வித்தியாசம் அன்றைக்கே தெரியும்.

கொங்குப் பக்கம் இருந்துகொண்டு அரிசிம்பருப்பு சாதத்தை விட்டுவிட்டு வேறு எதற்கோ ஆர்டர் போடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. ஒரு டம்ளர் அரிசி, அரை டம்ளர் துவரம்பருப்பு, கை நிறையச் சின்ன வெங்காயம், ஆறு பல் பூண்டு, ஒரு தக்காளி, மஞ்சள், மிளகாய், சீரகம், கறிவேப்பிலை. குக்கரிலேயே தாளித்து, அரிசியும் பருப்பும் போட்டு, மூன்றரை மடங்கு தண்ணீர் விட்டு மூடினால் அரை மணி நேரத்தில் தட்டுக்கு வந்துவிடும். கூட ஒரு காயையும் அரிந்து போட்டுக்கொள்ளலாம். கேரட், பீன்ஸ், முருங்கைக்கீரை எது இருந்தாலும் சரி. மேலே ஒரு ஸ்பூன் நெய், பக்கத்தில் தயிர். இரண்டு பேருக்கு வேறென்ன வேண்டும்?

முழுப் பயறு வகைகளில் பச்சைப்பயறு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை, கொள்ளு நான்கும் அரைக் கிலோ வீதம் வைத்துக்கொள்ளுங்கள். இவற்றுக்கு ஊற நேரம் வேண்டும், அதனால் ராத்திரி நினைத்து ராத்திரியே செய்ய முடியாது என்று பயப்படுகிறார்கள். நான் செய்வது இதுதான்: சனிக்கிழமை ராத்திரி அரைக் கிலோ கொண்டைக்கடலையையும் மொத்தமாக ஊறப் போட்டு, ஞாயிறு காலை உப்பில்லாமல் வேக வைத்து, ஆறியதும் ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று பிரித்து ஃப்ரீசரில் வைத்துவிடுவேன். ஒரு மாதம் தாராளமாக இருக்கும். வேண்டிய அன்று காலையில் ஒரு டப்பாவை எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டுப் போனால் ராத்திரி குழம்பு, சுண்டல், சப்பாத்திக்குக் குருமா எதுவாகவும் ஆக்கிக்கொள்ளலாம். ராஜ்மாவும் அப்படியே. ஆனால் அதை மட்டும் அரைகுறையாக வேக வைத்துச் சாப்பிடவே கூடாது, சரியாக வேகாத சிவப்பு ராஜ்மாவில் வயிற்றைப் புரட்டி எடுக்கிற ஒரு நச்சுப் பொருள் இருக்கிறது. நன்றாகக் கொதித்து மசிய வெந்தால் அது போய்விடும், குக்கரில் வேக வைத்தால் பிரச்சினை இல்லை.

இன்னொரு டப்பா, இதற்கு நான் வாழ்நாள் முழுக்க நன்றி சொல்வேன். இரண்டு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு கடலைப்பருப்பு, அரைப் பங்கு துவரம்பருப்பு, கால் பங்கு உளுந்து, கால் பங்கு பாசிப்பயறு எல்லாவற்றையும் காய்ந்த நிலையிலேயே கலந்து ஒரு டப்பாவில் போட்டு வைத்துவிடுங்கள். காலையில் கிளம்பும்போது இரண்டு டம்ளர் அள்ளி, கழுவி, நான்கு வரமிளகாயோடு ஊறப் போட்டு ஃப்ரிட்ஜுக்குள் தள்ளிவிட்டுப் போங்கள். ராத்திரி வந்து மிக்ஸியில் கொரகொரப்பாக ஒரு சுற்று, வெங்காயமும் முருங்கைக்கீரையும் கலந்தால் அடை. புளிக்க வைக்க வேண்டாம், சட்னி கூட வேண்டாம், கொஞ்சம் தயிர் போதும். தோசையில் ஐந்தில் ஒரு பங்குதான் உளுந்து, அடையில் பாதி பருப்பு. சர்க்கரை இருக்கிற வீட்டில் இது பெரிய வித்தியாசம்.

இட்லி மாவு பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அரிசி நான்குக்கு உளுந்து ஒன்று, ஒரு ஸ்பூன் வெந்தயம், ஞாயிறு சாயங்காலம் அரைத்தால் திங்கள் காலை பொங்கியிருக்கும். பொங்கியதும் உடனே ஃப்ரிட்ஜில் வையுங்கள், வியாழன் வரை வரும். முதல் இரண்டு நாள் இட்லி, பிறகு தோசை, கடைசி மாவில் வெங்காயம் கேரட் போட்டு ஊத்தப்பமோ பணியாரமோ. ரேஷன் புழுங்கலரிசியில் இட்லி அருமையாக வரும், கார்டு இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அரைக்க நேரமில்லாத வாரம் கடையில் மாவு வாங்கினாலும் தப்பில்லை, அரைத்த தேதியை மட்டும் பாருங்கள். வெளியே எண்ணெயில் மிதக்கிற ஒன்றைச் சாப்பிடுவதைவிடக் கடை மாவில் வீட்டுத் தோசை எவ்வளவோ மேல்.

அடுத்தது பொடி. உடனடிச் சாப்பாடு என்று இன்று பாக்கெட்டில் விற்கிறார்களே, அதை நம் பாட்டிகள் பொடியாகத்தான் வைத்திருந்தார்கள். பருப்புப் பொடிக்குத் துவரம்பருப்பு ஒரு கப், பொட்டுக்கடலை அரை கப், வரமிளகாய் ஐந்தாறு, ஒரு ஸ்பூன் சீரகம், தோலோடு பூண்டு நான்கு பல், பெருங்காயம். பருப்பை மிதமான தீயில் உள்ளே வரை சிவக்க வறுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் வெளியே கருகி உள்ளே பச்சையாக இருக்கும், பொடி பத்து நாளில் மாவு வாடை அடிக்கும். பூண்டின் ஈரம் முழுக்கப் போகும் வரை வதக்குங்கள். இதே போல் கறிவேப்பிலைப் பொடி ஒன்று, எள்ளு சேர்த்த இட்லிப் பொடி ஒன்று. மூன்றையும் மாதம் ஒரு ஞாயிறு ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். சூடான சாதம், ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய், பருப்புப் பொடி, பக்கத்தில் இரண்டு முட்டைப் பொரியல் அல்லது காலையில் செய்த கீரை. பத்து நிமிடச் சாப்பாடு. முருங்கைக்கீரையை நிழலில் காயவைத்துப் பொடித்து வைத்தால் சாம்பார், தோசை மாவு, ரசம் எதில் வேண்டுமானாலும் ஒரு ஸ்பூன் போடலாம்.

தக்காளி மலிவாக வரும்போது இரண்டு கிலோ வாங்கித் தொக்கு கிண்டி வையுங்கள், எண்ணெய் பிரிந்து வரும் வரை வதங்கினால் ஃப்ரிட்ஜில் இரண்டு வாரம் நிற்கும். இஞ்சி பூண்டு விழுதை ஐஸ் ட்ரேயில் ஊற்றி உறைய வைத்துக் கட்டிகளாக எடுத்து வைத்துக்கொள்ளலாம். தேங்காய்த் துருவலும் ஃப்ரீசரில் நன்றாகவே இருக்கும். பூண்டை எண்ணெயில் ஊற வைத்துச் சமையல் மேடையிலேயே பல நாள் வைக்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது, அது ஆபத்து, காற்றுப் புகாத எண்ணெய்க்குள் விஷக்கிருமி வளர இடம் உண்டு. ஃப்ரிட்ஜில் வைத்து நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

தானியத்தில் நிறைய வகை வேண்டாம். சாதத்துக்குப் புழுங்கலரிசி. நெல்லை வேக வைக்கும்போது தவிட்டில் இருக்கிற பி வைட்டமின்களில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுவதால் தீட்டிய பச்சரிசியைவிட இது நல்லது. கைக்குத்தல் அரிசி பிடித்தால் இரண்டு கிலோ மட்டும், தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும். கோதுமை ரவை ஒரு கிலோ, கெட்டிச் சிவப்பு அவல் அரைக் கிலோ. அவலைப் பத்து நிமிடம் நனைத்து வெங்காயம், வேர்க்கடலை, எலுமிச்சை போட்டுத் தாளித்தால் அதுவே ஒரு வேளை. சிறுதானியத்தில் சாமை, தினை இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு அரிசிக்குப் பதில் அரிசிம்பருப்பிலோ பொங்கலிலோ போட்டுப் பழகுங்கள். எட்டு வகை பாக்கெட் வாங்கி எட்டையும் பிரித்து வைப்பது நம்மில் பலர் செய்கிற தவறு. கேழ்வரகு மாவு கட்டாயம் இருக்கட்டும், 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிற தானியம் வேறு எது? களி, கூழ், வெங்காயம் போட்ட ராகி ரொட்டி எல்லாமே பதினைந்து இருபது நிமிட வேலை. கம்பு மாவை மட்டும் கிலோக் கணக்கில் வாங்காதீர்கள். கம்பில் கொழுப்புச் சத்து அதிகம், அரைத்த மாவு ஒன்றிரண்டு வாரத்திலேயே கசக்கத் தொடங்கும்.

எண்ணெய்க்கும் உப்புக்கும் ஒரு கணக்கு சொல்கிறேன், இதை ஃப்ரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டினாலும் தகும். ஐதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு ஒரு நாளுக்கு எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து 27 கிராம் என்று போட்டிருக்கிறார்கள். இரண்டு பேர், முப்பது நாள் என்று கணக்குப் போட்டால் மாதத்துக்கு ஒன்றே முக்கால் லிட்டர் வரும், நெய்யும் அதற்குள்தான். உப்பு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அப்படியென்றால் இரண்டு பேருக்கு மாதம் 300 கிராம்கூட ஆகக் கூடாது, அதிலும் ஊறுகாய், அப்பளம், வற்றலில் இருப்பதெல்லாம் அடக்கம். ஒரு கிலோ உப்புப் பாக்கெட் மூன்று மாதத்துக்கு முன்பே தீர்ந்தால் கை தாராளம் என்று அர்த்தம். எண்ணெய் எது என்பதில் சண்டை வேண்டாம். கடலை எண்ணெய் ஒரு லிட்டர், நல்லெண்ணெய் அரை லிட்டர் வாங்குங்கள், தீர்ந்த தேதியைக் குறித்து வையுங்கள்.

அதே வழிகாட்டியில் காய்கறி ஒரு நாளைக்கு ஆளுக்கு 400 கிராம். இதைப் படித்ததும் எனக்கு ஒரு உறுத்தல், நம் வீடுகளில் அதில் பாதிகூடச் சாப்பிடுவதில்லை. காரணம் காய் விலை இல்லை, அரிகிற வேலைதான். உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே உழவர் சந்தை இருக்கிறது. 1999-இல் மதுரையில் முதல் சந்தை திறந்தபோது விவசாயி நேரடியாக விற்க வேண்டும் என்றுதான் ஆரம்பித்தார்கள், இன்றும் சனிக்கிழமை காலை சீக்கிரம் போனால் முந்தின நாள் பறித்த காய் கிடைக்கும். வாங்கும்போதே எதை முதலில் சாப்பிடுவது என்று முடிவு செய்துவிடுங்கள். கீரை, வெண்டை, கத்தரி முதல் மூன்று நாள். பீன்ஸ், அவரை, புடலை நடுவில். கோஸ், கேரட், பீட்ரூட், சவ்சவ், பூசணி கடைசிக்கு. பீன்ஸையும் கேரட்டையும் ஞாயிறன்று அரிந்து டப்பாவில் வைத்தால் சத்துக் கொஞ்சம் குறையுமே என்று கேட்பார்கள். குறையட்டும், அரியாமல் வாடிக் குப்பைக்குப் போகிற பீன்ஸில் ஒரு சத்தும் நமக்கு வராது.

முருங்கைக்கீரையை ராத்திரி ஒரு துணியில் இறுக்கிச் சுற்றி வைத்தால் காலையில் உதறினாலே இலை கொட்டிவிடும். கொத்தமல்லி, கறிவேப்பிலையை ஈரம் போகத் துடைத்துப் பருத்தித் துணியில் சுற்றி டப்பாவில் வையுங்கள், செய்தித்தாளில் சுற்றாதீர்கள், அச்சு மை உணவில் படக் கூடாது என்று உணவுப் பாதுகாப்புத் துறையே பலமுறை சொல்லியிருக்கிறது. உறைய வைத்த பச்சைப் பட்டாணி ஒரு பாக்கெட் வைத்துக்கொள்ளத் தயங்க வேண்டாம், பறித்த சூட்டோடு உறைய வைப்பதால் அதில் சத்து பெரிதாகப் போவதில்லை. வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் தனித்தனிக் கூடையில் போடுங்கள்.

முட்டை சாப்பிடுகிறவர்கள் என்றால் வேலை இன்னும் சுலபம். ஒன்றில் ஏறக்குறைய 6 கிராம் புரதம், நாமக்கல் பக்கத்திலேயே இருப்பதால் புதுசாகவும் கிடைக்கிறது. பன்னிரண்டு வாங்கி வையுங்கள். கருவாடு பிடித்தால் நெத்திலிக் கருவாடு நூறு கிராம், வெந்நீரில் இரண்டு மூன்று முறை அலசி உப்பை இறக்கிவிட்டுக் குழம்பில் போடலாம். சாயங்காலப் பசிக்கு வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும், வேர்க்கடலையில் பூஞ்சை பிடித்ததோ கறுத்ததோ இருந்தால் பொறுக்கி எறியுங்கள், கழுவி வறுத்தாலும் அந்த நச்சு போகாது. இந்த இரண்டு டப்பாவும் கண் எதிரில் இருந்தால் ஆர்டர் போடுகிற கை கொஞ்சம் நிற்கும், சாப்பாடு ஆகும் வரை ஒரு பிடி போதும்.

பாக்கெட் பொருள் வாங்கவே கூடாதா என்றால், வாங்கலாம், முன்பக்கம் படிக்காமல் பின்பக்கம் படியுங்கள். சேர்மானப் பட்டியலில் எடை அதிகமுள்ளதை முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். பல தானிய பிஸ்கட் என்று கொட்டை எழுத்தில் போட்டு முதல் பெயராக மைதாவும் இரண்டாவதாகச் சர்க்கரையும் இருந்தால் அது மைதா பிஸ்கட்தான். வெறும் ஓட்ஸ் நல்லது, மசாலா ஓட்ஸில் உப்பைப் பாருங்கள்.

வண்டு விஷயம் ஒன்று. ரவை, மாவு, சிறுதானியம் வாங்கி வந்ததும் பாக்கெட்டோடு நான்கு நாள் ஃப்ரீசரில் வைத்து எடுத்து, பாக்கெட்டின் ஈரம் காய்ந்த பிறகு டப்பாவில் கொட்டினால் உள்ளே இருக்கிற முட்டைகள் செத்துவிடும். அரிசியில் காய்ந்த வேப்பிலையோ வரமிளகாயோ போடலாம். புதுசைப் பழசின் மேல் கொட்டாதீர்கள், டப்பாவைக் கழுவிக் காயவைத்த பிறகே நிரப்புங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். இந்தச் சனிக்கிழமை துவரம்பருப்பு, பாசிப்பருப்பு, அடைக்கு வேண்டிய சாமான், சின்ன வெங்காயம் ஒரு கிலோ, முட்டை, மூன்று வகைக் காய், ஒரு கட்டு கீரை, தயிர் மட்டும் வாங்குங்கள். ஞாயிறன்று அடைக் கலவையை டப்பாவில் போட்டு, பருப்புப் பொடி ஒன்றை மட்டும் இடித்து, வெங்காயத்தை இருவரும் உட்கார்ந்து உரித்து வைத்துவிடுங்கள். திங்கள் கீரை போட்ட அரிசிம்பருப்பு, செவ்வாய் அடை, புதன் பொடிச் சாதமும் முட்டையும். மூன்று ராத்திரி ஓடிவிடும். வியாழன் வேண்டுமானால் ஆர்டர் போட்டுக்கொள்ளுங்கள், பரவாயில்லை. அடுத்த வாரம் இட்லி மாவையும் கொண்டைக்கடலை டப்பாக்களையும் சேர்த்துக்கொள்ளலாம். பொடி வறுக்கும்போது பதம் பிடிபடவில்லை என்றால் கேளுங்கள் தம்பி, எந்த நிறத்தில் இறக்க வேண்டும் என்று விவரமாகச் சொல்கிறேன்.